மலையகத்து நகரங்கள் – 14: மஸ்கெலியாவின் இரண்டு படங்கள்

மஸ்கெலியாவைக் காட்டும் இரண்டு இடவிளக்கப்படங்களை மேசையில் அருகருகே விரித்துக்கொள்வோம். ஒன்று, ஒரு மைலை ஓர் அங்குலத்தில் அடக்கிய பழைய தாள். மற்றது, 1980களில் வெளிவரத் தொடங்கிய 1:50,000 தாள். இரண்டையும் அச்சிட்டது ஒரே நில அளவைத் திணைக்களம்தான். பழைய தாளில் மஸ்கெலியா ஓயா மெல்லிய கோடாகப் பள்ளத்தாக்கின் அடியைத் தொட்டு ஓடுகிறது. அதையொட்டிப் பாதை, பாதையையொட்டி ஊர். புதிய தாளில் அதே பள்ளத்தாக்கு நீல நிறம். ஊரின் பெயர் கரையேறி வேறோர் இடத்தில் நிற்கிறது. இரண்டு தாள்களுக்கும் இடையில் வந்தது மவுசாகலை அணைக்கட்டு. 1969இல் அதன் பின்னால் நீர் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா கடைவீதியோடும் கோயிலோடும் பன்சலையோடும் பள்ளிவாசலோடும் மூழ்கியது.

இத்தொடரின் முந்தைய பகுதிகளில் கட்டளைச் சட்டங்களையும் தோட்டப் பதிவேடுகளையும் பெரியவர்களின் பேச்சையும் வைத்துக்கொண்டு நகரங்களின் கதையைச் சொல்லி வந்தோம். இந்தப் பகுதியில் வரைபடத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். உயர்தர வகுப்பில் புவியியல் படித்த எவருக்கும் இடவிளக்கப்படம் அறிமுகமானதுதான். சமவுயரக்கோட்டைப் பார்த்துச் சாய்வு சொல்லவும், கட்டத்தை எண்ணிப் பரப்பளவு கணிக்கவும் பரீட்சைக்காகக் கற்றிருப்போம். அந்தப் பயிற்சியைக் கொண்டு நமது சொந்த ஊரின் வரலாற்றை எழுதலாம் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பகுதி.

இந்தப் படங்கள் யாருக்காக வரையப்பட்டவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் உருவானது 1800 ஆகஸ்ட் 2ஆம் திகதி, ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலத்தில். கண்டி இராச்சியம் அப்போது ஆங்கிலேயர் கையில் இல்லை. 1815இல் அது அவர்கள் வசமான பிறகுதான் மலைநாட்டுக்குள் அளவுச் சங்கிலி வந்தது. முதலில் வந்த தேவை படை நடத்துவதும் பாதை வெட்டுவதும். தோமஸ் ஸ்கின்னர் வீதிகளைப் போட்டார். ஜெனரல் ஜோன் பிரேசர் பல ஆண்டுகள் உழைத்துத் தயாரித்த இலங்கைப் படத்தை 1862இல் லண்டனில் அரோஸ்மித் வெளியிட்டார்.

அடுத்து வந்த தேவை நிலம் விற்பது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரிய நிலமாக்கிவிட்டது. 1844 வரை ஏக்கர் 5 ஷில்லிங்குக்குப் போன காடு, அதன் பிறகு 20 ஷில்லிங்கிலிருந்து ஏலம் போனது. விற்க வேண்டுமானால் எல்லை தெரிய வேண்டும்; எல்லை தெரிய வேண்டுமானால் அளக்க வேண்டும். மலையகத்தின் முதல் அளவுப் பிளான்கள் பலவும் இப்படிக் காணி விற்பனைக்காகப் பிறந்தவை. அந்தக் காட்டை வெட்டப்போகிறவர்கள் தலைமன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வாங்குகிறவரின் பெயர் பிளானில் ஏறியது. வெட்டியவர்களுக்கு அதில் இடமே இருக்கவில்லை.

ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதையும் வரையும் பெருவேலை 1897இல் தொடங்கி 1924இல் முடிந்தது. மொத்தம் 72 தாள்கள். பதுளைக்கு ரயில் போய்ச் சேர்ந்ததும் அதே 1924தான். இந்த ஆண்டுக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் மடுல்சீமைப் பக்கம் கண்டறியப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். நூற்றாண்டு முடியும்போது தேயிலை 3.5 இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. ஆகவே ஒரு அங்குலப் படத்தில் சமவுயரக்கோடுகளோடு நாம் பார்ப்பது தேயிலை மூடிய மலையகம். டிக்கோயாவும் மஸ்கெலியாவும் கோப்பிக்காகத் திறக்கப்பட்ட பள்ளத்தாக்குகள். அந்தக் காலத்து உருவத்தைத் தேடுகிறவர் தனித்தனித் தோட்டப் பிளான்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

விமானப் படம் இல்லாத காலத்தில் மலைநாட்டை அளப்பதென்றால் ஓர் உச்சியிலிருந்து இன்னோர் உச்சியைப் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். நீர்கொழும்புக்கு அண்மையில் உள்ள கந்தவளைப் புள்ளியை அடிப்படையாகக் கொண்டு முக்கோணம் முக்கோணமாக நாடு கட்டப்பட்டது. நுவரெலியாவின் தலைக்குமேல் 2,524 மீற்றர் உயரத்தில் நிற்கும் பிதுருதலாகலை உச்சி அந்த வலையின் முக்கியமான முடிச்சு. இன்றும் இலங்கையின் தேசிய வரைபடக் கட்டத்துக்குத் தொடக்கப் புள்ளி அந்த உச்சிதான். யாழ்ப்பாணத்து ஒரு வளவையோ அம்பாறை வயல் ஒன்றையோ அளந்து கட்டத்தில் குறித்தாலும், அந்த எண் நுவரெலியா மலையிலிருந்து எண்ணிய எண். நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இனி அளவு. ஒரு அங்குலத் தாளில் ஒரு சதுர அங்குலம் என்பது ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர்த் தோட்டம் ஒன்று அரைச் சதுர அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் துரை பங்களா, ஸ்டோரு, தோட்டப் பாதை, ஓடை எல்லாம் வர வேண்டும். இப்போது ஒரு லயத்தைக் கணக்குப் பாருங்கள். 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. பக்கத்துக்குப் பத்தாக, முதுகோடு முதுகு ஒட்டி இருபது காம்பராக்கள் கொண்ட லயத்தின் நீளம் 100 அடி. ஒரு மைலில் 5,280 அடி. கணக்குப்படி அந்த லயம் தாளில் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. இருபது குடும்பங்கள் பிறந்து, கல்யாணம் கட்டி, செத்த இடம் அரை மில்லிமீற்றர். அவ்வளவு சிறியதை அச்சில் காட்ட முடியாது என்பதால் வரைகிறவர் அடையாளமாக ஒரு கறுப்புக் குறி போடுவார். அந்தக் குறி இருபது காம்பராவா, நாற்பதா, ஓடு வேய்ந்ததா, தகரமா என்பதைத் தாள் சொல்லாது. படத்தைக் குறைகூறி இதைச் சொல்லவில்லை. அது எதற்கு ஏற்ற கருவி என்று தெரிந்துகொண்டால்தான் அதனிடம் சரியான கேள்வி கேட்கலாம். பாதை எங்கே போனது, ஊர் எந்தச் சரிவில் இருந்தது, ஓடை எங்கே இறங்கியது, காடு எந்த உயரம் வரை நின்றது ஆகிய கேள்விகளுக்கு அது நேர்மையாகப் பதில் சொல்லும்.

நுவரெலியாவில் அந்தப் பதில்கள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் 1820களின் கடைசியில் அங்கே மாளிகை கட்டி, நோயாளிப் படையினருக்கான ஓய்விடத்தைத் தொடங்கினார். 1848இல் சாமுவேல் பேக்கர் வந்து பண்ணை போட்டார். நகரின் நடுவில் இருந்த சதுப்பு நிலத்தில் ஓடையை மறித்து 1873இல் ஆளுநர் கிரெகரி ஏரியை உண்டாக்கினார். குதிரைப் பந்தயம் 1875இல், கோல்ப் மைதானம் 1889இல். படத்தைப் பார்த்தால் பள்ளத்தாக்கின் சமதரை முழுவதையும் ஏரியும் பந்தயத் திடலும் கோல்ப் தரையும் பிடித்துக்கொண்டதும், மக்கள் குடியிருப்பு ஓரங்களுக்கும் சரிவுகளுக்கும் ஏறியதும் தெரிகிறது. இன்று மரக்கறித் தோட்டங்களும் வீடுகளும் செங்குத்தான சரிவுகளில் தொற்றிக்கொண்டிருப்பதற்கான காரணத்தின் ஒரு பாதி அந்தப் பழைய தாளிலேயே இருக்கிறது.

நுவரெலியாவின் பழைய தாளில் என் கண் நிற்கும் இடம் இன்னொன்று. நானுஓயாவிலிருந்து கிளம்பி, நுவரெலியா டவுனைத் தொட்டு, கண்டப்பளை, புரூக்சைட் வழியாக இராகலை வரை ஒரு ரயில் பாதை. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். 1903இல் நுவரெலியா வரையும், 1904இல் இராகலை வரையும் ஓடத் தொடங்கியது. வீதியில் லொறியும் பஸ்ஸும் பெருகியதும் வருமானம் விழுந்தது. 1940இல் பயணிகள் சேவை நின்றது. 1948இல் பாதையையே மூடிவிட்டார்கள். புதிய தாளில் தண்டவாளக் குறி இல்லை. ஆனால் பழைய கோட்டைப் புதிய தாள்மீது எடுத்து வைத்துப் பாருங்கள். மலையைச் சுற்றிச் சுற்றி, ஏற்றம் தெரியாமல் மெதுவாக உயர்ந்து செல்லும் அதன் தடம் தனியே தெரியும். கண்டப்பளைப் பக்கத்தவர்கள் அதன்மேல் நடந்திருப்பார்கள், ரயில் போன வழி என்று அறியாமலேயே.

ஹட்டனைப் பற்றி முன்பே விரிவாக எழுதிவிட்டதால் இங்கே சுருக்கம் போதும். 1884இல் ரயில் வந்தது. அடுத்த ஆண்டே நானுஓயாவுக்குப் போய்விட்டது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலையெல்லாம் வந்து ரயிலேறும் வாசல் என்பதே ஹட்டனை நகரமாக்கியது. படத்தில் அந்தப் பள்ளத்தாக்குப் பாதைகள் யாவும் ஒரு நிலையத்தை நோக்கி ஒன்றுகூடுவதைக் கண்டாலே காரணம் விளங்கும். நிலையத்தைத் தாண்டிக் கொட்டகலைக்குப் போகிற வழியில் சிங்கமலைச் சுரங்கம் வருகிறது. நெடுங்காலம் நாட்டின் மிக நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது அதுதான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அது நமக்குத் தேவைப்படும்.

மஸ்கெலியாவுக்கு வருவோம்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக இறங்கினால் நோர்வூட்டில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று பொகவந்தலாவைக்கு, மற்றது மஸ்கெலியாவுக்கும் அப்பால் நல்லதண்ணிக்கும். சிவனொளிபாத மலைக்குப் போகிற யாத்திரிகர்களுக்கு மஸ்கெலியா கடைசிப் பெரிய டவுன். இந்தப் பகுதியில் இரண்டு ஆறுகள் அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் ஓடுகின்றன: கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா. கீழே அவை ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகின்றன. இவ்வளவு உயரத்திலிருந்து இவ்வளவு குறுகிய தூரத்தில் விழும் நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கணக்குக் காட்டி எழுதினார். லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கியது. பிறகு மழைநீரை மேலேயே தேக்கிவைக்கும் பெரிய நீர்த்தேக்கங்கள் வந்தன. 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ, 1969இல் மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலை. கொழும்பின் விளக்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மின்சாரம் போனது. பல தோட்ட லயங்களுக்கு அதே மின்சாரம் வந்து சேர அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. அணைக்கு அடியில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தார்கள்.

மூழ்கிய டவுனை வரைபடத்தில் மீட்டெடுக்க முடியுமா? முடியும், கணினி இல்லாமலே முடியும். பழைய தாளின் அளவு 1:63,360. புதியது 1:50,000. பழையதை 127 சதவீதமாகப் பெருக்கிப் போட்டோக் கொப்பி எடுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிடும். புதிய தாளின்மேல் ட்ரேசிங் தாளை வைத்து நீர்த்தேக்கத்தின் கரையை மட்டும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். அந்த ட்ரேசிங்கைப் பெருக்கிய பழைய தாளின்மேல் வையுங்கள். பொருத்துவதற்கு நிலையான புள்ளிகள் வேண்டும். பாதை வளைவுகளை நம்பாதீர்கள். நீர்த்தேக்கம் வந்தபோது பாதைகளும் இடம் மாறின. சிங்கமலைச் சுரங்கத்தின் இரண்டு வாய்கள், ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை ரயில் நிலையங்கள், சிவனொளிபாத மலையின் உச்சி ஆகியவை அசையாதவை. டிக்கோயாப் பக்கத்தில் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம் இருக்கிறது. கெஹெல்கமு ஓயாப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்ற அந்தக் கல்லுக்கட்டடம் இன்று காசல்ரீ நீரைப் பார்த்து நிற்கிறது, கட்டடம் நகரவில்லை. காசல்ரீக்கும் மவுசாகலைக்கும் அதைவிட நல்ல புள்ளி கிடைப்பது அரிது.

பொருத்தம் சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு. நீர்த்தேக்கத்தின் கரை ஒரே உயரத்தில்தான் போக முடியும், ஏனென்றால் தண்ணீர் மட்டமானது. ஆகவே நீங்கள் வரைந்த கரைக்கோடு பழைய தாளின் சமவுயரக்கோடுகளுக்கு இணையாக, ஒவ்வொரு ஓடையின் வாயிலும் உள்ளே புகுந்து, ஒவ்வொரு மலைமூக்கிலும் வெளியே வளைந்து போக வேண்டும். அது சமவுயரக்கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் தாள் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய தாள் ஈரத்திலும் வெயிலிலும் சுருங்கி விரிந்திருக்கும், மடிப்பில் இழுபட்டிருக்கும். அதனால் ஒரே பொருத்தத்தில் முழுத் தாளும் அமையாது. பள்ளத்தாக்கைத் துண்டு துண்டாக எடுத்துப் பொருத்துவதே நல்லது. உயரத்தைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும், பழையதில் அடிக்கணக்கு, புதியதில் மீற்றர். கணினியில் செய்ய விரும்புகிறவர்கள் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இதையே செய்யலாம். கைத்தொலைபேசி காட்டும் அகலாங்கு நெட்டாங்கு கந்தவளை அடிப்படையோடு நேரே பொருந்தாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மென்பொருளில் அதற்கான மாற்றத்தைக் கொடுக்க வேண்டும்.

பொருத்தி முடித்ததும் கரைக்கோட்டுக்கு உள்ளே விழுகிற எல்லாமும் இன்று நீருக்கு அடியில் இருப்பவை. டவுன், ஆற்றோரப் பாதை, பாலங்கள், தோட்டங்களின் தாழ்ந்த மலைகள், அங்கே இருந்த கறுப்புக் குறிகள். மலையகத் தோட்டங்களில் பங்களாக்களைப் பெரும்பாலும் காட்சி தெரியும் மேட்டில் கட்டினார்கள். கோட்டுக்கு உள்ளே எந்த வகைக் குறிகள் அதிகம், வெளியே எவை அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரிகின்றன. பத்திரிகைகள் படம் போடுகின்றன, மக்கள் போய்ப் பார்த்துக் கும்பிட்டுத் திரும்புகிறார்கள். அப்படி வெளிப்படும் ஒவ்வொரு சுவரும் நமது ட்ரேசிங்குக்கு ஒரு நிலையான புள்ளி. அந்த நாட்களில் அங்கே போகிற இளைஞர்கள் செல்பியோடு அதன் இருப்பிடத்தையும் குறித்து வந்தால் போதும், பொருத்தம் இன்னும் திருத்தமாகும்.

இரண்டு தாள்களுக்கும் நடுவில் மூன்றாவது சாட்சி ஒன்றும் உண்டு. 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு நாடு ஆகாயத்திலிருந்து படமெடுக்கப்பட்டது. காட்டு வளத்தைக் கணக்கிடுவதே அதன் முக்கிய நோக்கம். மவுசாகலை நிரம்புவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்திய படங்கள் அவை. படம் வரைகிறவர் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தெரிவு செய்வார். விமானக் கமராவுக்கு அந்தத் தெரிவு இல்லை. லயத்துக் கூரையையும் பங்களாக் கூரையையும் அது ஒரே மாதிரித்தான் பதிவுசெய்தது. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் பள்ளத்தாக்கு ஆழத்தோடு எழுந்து நிற்கும். மஸ்கெலியாவைப் பற்றி ஆராய விரும்பும் பல்கலைக்கழக மாணவர் முதலில் கேட்க வேண்டியது இந்தப் படங்களைத்தான்.

இந்த வேலை ஏக்கத்துக்காகச் செய்வது மட்டும் அல்ல என்பதற்கு மீரியபெத்தையைச் சொல்வேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்தின் லயங்கள்மேல் மலை சரிந்தது. அது பதுளை மாவட்டம் என்றாலும் நமது லயங்களின் கதைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரிக்கும் மண்சரிவு அபாயப் படங்களும் இடவிளக்கப்படத்தை அடித்தளமாகக் கொண்டவையே. லயம் கட்டிய காலத்தில் இருந்த ஓடை எது, பின்னால் மண் போட்டு மறித்தது எது, வடிகான் எந்தப் பக்கம் திருப்பப்பட்டது என்பவற்றைப் பழைய தாளையும் புதிய தாளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். புதிதாகத் தனிவீட்டுத் திட்டத்துக்குக் காணி ஒதுக்கும்போது இந்த ஒப்பீட்டையும் செய்யுங்கள் என்று தோட்ட மக்கள் கேட்க வேண்டும். அது அவர்களின் உரிமை.

படம் சொல்லாதவற்றுக்கு வருகிறேன். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு வரைபடம் உண்டு. அது தாளில் இல்லை. மேக்கணக்கு, கீக்கணக்கு, ஏழாம் நம்பர் மலை, பதினொன்றாம் நம்பர் மலை, பீலிக்கரை, பிள்ளைக்காம்பரா, பெரட்டுக் களம் என்று அது வாயிலேயே வழங்குகிறது. கவ்வாத்துச் சாமி நிற்கும் மரத்தடி, ஸ்டோருக்குள் இருக்கும் ரோதை முனி, எந்தத் திருப்பத்தில் மாடசாமிக்குத் தேங்காய் உடைப்பது, எல்லாம் அந்தப் படத்தில் உண்டு. திணைக்களத்தின் தாளில் தோட்டத்தின் பெயரும் பாதையும் இருக்கும்; இவை இருக்காது. உள்ளூராட்சிக்கும் தோட்டத்தின் உட்புறம் நெடுங்காலம் வெற்றிடமாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டித் தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று சபைகள் கைவிரித்தன. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான். மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் தனித்தனிப் பிரதேச சபைகள் கிடைத்ததும் அந்த ஆண்டில்தான்.

பழைய டவுனின் கதையிலும் இதே குறைதான். தபாலகம் இருந்த இடத்தைத் தாள் காட்டும். முதலில் அரிசி கடன் கொடுத்த கடை எது, தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனது எந்தக் கடைக்கு, அடகுக்கடை எந்த மூலையில், தேர் எந்தத் தெருவில் திரும்பியது, சங்கக் கூட்டம் எந்த மாடியில் நடந்தது என்பதை அது காட்டாது. தண்ணீர் வந்தபோது எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் ஏறியது என்பதும் அதில் இல்லை.

இதையெல்லாம் அறிந்தவர்கள் எங்கே? பலர் இங்கே இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். மவுசாகலையில் நீர் ஏறிய அதே காலத்தில்தான் கடவுச்சீட்டும் பெட்டியுமாகக் குடும்பங்கள் தலைமன்னாருக்குப் போகத் தொடங்கின. 1984இல் கப்பல் நிற்கும் வரை அந்தப் பயணம் தொடர்ந்தது. டவுன் போய்விட்டது, டவுனை அறிந்தவர்களும் போய்விட்டார்கள். அவர்களில் கணிசமானோர் இன்று நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அவர்களுக்காகத் திறந்த தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி வாழ்கிறார்கள். பழைய மஸ்கெலியாக் கடைவீதியின் ஒரு பாதி இன்று கூடலூரில் ஒருவரின் நினைவில் இருக்கக்கூடும் என்பதை நான் வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை.

அணை நிரம்பியபோது பதினைந்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. தாள் இன்னும் நூறு ஆண்டு இருக்கும், அதைப் பத்திரப்படுத்தத் திணைக்களம் இருக்கிறது. ஆட்கள் இருக்கமாட்டார்கள். ஆகவே அவசரம் தாளில் இல்லை, ஆட்களிடத்தில் இருக்கிறது.

மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பகுதிப் பாடசாலைகளின் புவியியல், வரலாற்று ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய தாளைக் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள நில அளவைத் திணைக்களத்திலும் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் விசாரியுங்கள். பழைய டவுன் உள்ள பகுதியை மட்டும் பெருக்கி, பெரிய தாளில் பிரதி எடுங்கள். உங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிகளை ஒரு சனிக்கிழமை பாடசாலைக்கு அழைத்து, அந்தத் தாளைச் சுற்றி உட்கார வையுங்கள். நினைவுகளைத் திருத்தாதீர்கள், இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு குறிப்பு, சொன்னவரின் பெயர், வயது, திகதி. இவ்வளவு போதும். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இத்தொடரை வாசிப்பவர்களும் இதையே செய்யலாம். ஒரு வெள்ளைத்தாளில் கையால் கிறுக்கிய படம் வந்தாலும் அதைப் பழைய தாளோடு பொருத்திப் பார்த்து இந்தப் பக்கங்களிலேயே வெளியிடுவோம்.

அடுத்த இதழில் தலவாக்கலை: 2012இல் முடிந்த மேல் கொத்மலைத் திட்டம் அந்த டவுனின் படத்தை எப்படி மாற்றியது என்று பார்ப்போம்.

(தொடரும்)